வெள்ளையாய்த் தெரிந்த கோடு

என் நோயைப் பற்றி நான் ஏற்கெனவே ஒருமுறை சபையில் சாட்சி சொல்லியிருக்கிறேன். அது தப்பு. பொய் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் நம்பித்தான் சொன்னேன். ஆனாலும் தப்பு. அந்தத் தப்பால் எனக்கு என்ன ஆனது, என் பேச்சைக் கேட்ட இன்னொருவருக்கு என்ன ஆனது, ஆண்டவர் எங்கள் இரண்டு பேரையும் எப்படி இழுத்துப் பிடித்தார் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். கொஞ்சம் அருவருப்பான விஷயங்களும் வரும். நோய் வந்த இடம் அப்படி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தானியேல். சொந்த ஊர் முசரவாக்கம். பதினேழு வயதில் காஞ்சிபுரத்துக்கு வந்து ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தேன். சேலைக்குப் போகிற பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிற வேலை. கொதிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டும். கை வேகமானவன் என்று பெயர் வாங்கினேன். வாயும் அதே வேகம்தான். யோசித்துவிட்டுப் பேசு என்று என் மனைவி எஸ்தர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

2003ஆம் வருஷம் கோடையில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டி வந்தது. சூட்டுக் கட்டி என்று நினைத்தோம். எஸ்தர் விளக்கெண்ணெய் தடவினாள். உடைந்தது, சீழ் வந்தது, வலி போனது. பத்து நாளில் அதே இடத்தில் மறுபடியும் வந்தது. பவுத்திரம் என்று சொல்லி ஒரு கிளினிக்கில் இரண்டு முறை அறுத்தார்கள். இரண்டு முறையும் திரும்பி வந்தது. கூடவே வயிற்றுப்போக்கு. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. வருஷக் கடைசியில் என் கால்சட்டை எல்லாம் இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது.

சைக்கிளில் உட்கார முடியாது. நடந்தே வேலைக்குப் போனேன். லுங்கிக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டேன். அந்த நாற்றம் எனக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரியுமா என்ற பயம் இருபத்திநாலு மணி நேரமும் இருந்தது. சபையில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க நான் மட்டும் பின்னால் சுவரோரம் நிற்பேன். கேட்டவர்களிடம் முதுகுவலி என்று சொன்னேன். ஆராதனை நடக்கும்போதே அவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது.

2004இல் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த அறுவை சிகிச்சை டாக்டரம்மா குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். கிரோன் நோய் என்றார். நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. குடலில் புண் வந்து, அந்தப் புண்ணே உள்ளுக்குள் வழி தோண்டிக்கொண்டு வெளியே வருகிறதாம். அடியோடு தீர்க்க மருந்து கிடையாது, அடக்கி வைக்கலாம் என்றார். அடங்காவிட்டால் மலம் போகிற தசை கெட்டுப்போகும், அப்புறம் வயிற்றில் ஓட்டை போட்டு ஆயுசு முழுக்கப் பை கட்ட வேண்டியிருக்கும். சீழ் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. எனக்கு அப்போது முப்பத்திமூன்று வயது.

"வெளிய தெரியறது வாசல் மட்டும்தான், தானியேல்," என்றார் டாக்டரம்மா. "உள்ள வழி எங்க போகுது, எத்தனை கிளை, சீழ் எங்க தங்கியிருக்கு, எல்லாம் எம்ஆர்ஐ ஸ்கேன்லதான் தெரியும். மருந்து வேலை செய்யுதான்னும் அதை வெச்சுத்தான் பார்ப்பேன். வாசல் மூடிட்டா வழியும் மூடிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க."

நான் நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

ஸ்கேன் எடுக்க ஒரு குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். தடதடவென்று சத்தம். கண்ணை மூடினால் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடுகிற தெருவில் படுத்திருப்பது மாதிரி இருந்தது. அந்தப் படத்தை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள், நான் பார்க்கவில்லை. பிறகு அந்த வழிக்குள் ஒரு மெல்லிய ரப்பர் நூலைக் கோத்து வளையமாகக் கட்டினார்கள். சீழ் தேங்காமல் வடிந்துகொண்டே இருப்பதற்காம். என் பிழைப்பே நூல்தான், இப்போது உடம்புக்குள்ளும் நூலா என்று எஸ்தரிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

தினமும் மாத்திரை. மாதா மாதம் ரத்தப் பரிசோதனை. இந்த மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று சொல்லி அனுப்பினார்கள். சபை எனக்காக உபவாசம் இருந்தது. 2005 தொடக்கத்தில் சீழ் குறைந்தது. நூலை எடுத்தார்கள். கொஞ்ச நாளில் வாசல் மூடிக்கொண்டது. வலி இல்லை, துணி வைக்க வேண்டியதில்லை. பங்குனியில் இரண்டாவது ஸ்கேன் எடுத்தேன். இந்த முறை படத்தை என் கையிலேயே கொடுத்து, புதன்கிழமை டாக்டரம்மாவிடம் காட்டச் சொன்னார்கள். நான் வாங்கியது வெள்ளிக்கிழமை.

வீட்டுக்கு வந்ததும் பொறுக்கவில்லை. உறையிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள். எல்லாம் கறுப்பும் சாம்பலும். நடுவில் ஒரு கோடு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக வளைந்து போனது.

நான் சாயக்காரன் என்பதை மறந்துவிடாதீர்கள். பட்டறைக்கு வருகிற, இன்னும் வேகவைக்காத பச்சைப் பட்டில் பசை இருக்கும், மங்கலாக இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் அழுக்கும் பசையும் போய் வெள்ளையாய்ப் பளபளக்கும். எங்களுக்கு வெள்ளை என்றால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். கறுப்புக்கு ஆர்டர் வந்தாலே எங்கள் முதலாளி முகம் சுளிப்பார், கல்யாணச் சேலையில் யாரும் கறுப்பு கேட்பதில்லை. சபையிலும் அதே பாடம்தான். கறுப்பு பாவம். வெள்ளை கழுவப்பட்டது. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தக் கோட்டைப் பார்த்ததும் வேறு என்ன தோன்றும்? நோய் போன வழியெல்லாம் ஆண்டவர் கழுவிவிட்டார் என்று முழங்காலில் விழுந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை படத்தைச் சபைக்கு எடுத்துப் போனேன். சாட்சி நேரத்தில் முன்னால் போய் டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

"பாருங்க! இருட்டுக்கு நடுவுல எப்படி வெள்ளையா இருக்குது பாருங்க!"

அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. பாஸ்டர் ஐயா கண்ணீரோடு என் தலையில் கை வைத்தார். ஆராதனை முடிந்து பிரிந்து போகும்போது லில்லி அக்கா என்னிடம் வந்தார். எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருப்பவர். பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு நோய். காலையும் மாலையும் மாத்திரை போட்டால்தான் அடங்கி இருக்கும்.

"தொட்டுப் பாக்கட்டுமா, தம்பி?" என்று கேட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த வெள்ளைக் கோட்டைத் தொட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்போ மாத்திரைய இன்னா பண்ண?"

"நிறுத்திட்டேன் அக்கா. இனிமே எதுக்கு?"

நான் நிறுத்தியிருக்கவில்லை. அன்று காலையில்கூடப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு பொய்யாகிவிடக் கூடாதே என்று அன்று மாலையே நிறுத்தினேன். லில்லி அக்கா ஏன் அதைக் கேட்டார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

புதன்கிழமை சென்னைக்கும் போகவில்லை.

"ஏங்க, டாக்டரம்மா படத்தைப் பாக்கணும்னு சொன்னாங்களே," என்றாள் எஸ்தர்.

"ஆண்டவரே பாத்துட்டாரு. உனக்குத்தான் விசுவாசம் பத்தல."

நான் குப்பையில் போட்ட மாத்திரை அட்டையை எடுத்துத் துடைத்து, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. ஒரு சொட்டுச் சீழ் வரவில்லை. அது எனக்கு இன்னும் பெரிய அடையாளமாகப் பட்டது. வடிய வழி இல்லாமல் உள்ளே தேங்குகிறது என்று தோன்றவே இல்லை. நாலாவது வாரம் அடியில் ஒரு பாரம். குனிந்தால் உள்ளே எதுவோ இடித்தது. சோதனை என்று ஜெபித்தேன். ஒரு நாள் மதியம் கொதிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு குளிரில் நடுங்கினேன். கையிலிருந்த நூல் கழி சாயத்துக்குள் விழுந்தது. முதலாளி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டு வாசலில் லில்லி அக்காவின் மகள் எஸ்தரோடு பேசிக்கொண்டிருந்தாள். சோறு வடிக்கும்போது அம்மாவுக்கு வலிப்பு வந்துவிட்டதாம். கொதிக்கிற கஞ்சி வலது கையில் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

"பத்து வருஷமா வராத வலிப்புக்கா. மாத்திரைய நிறுத்திட்டு இருந்துக்கீறாங்க. எங்ககிட்ட சொல்லவே இல்ல," என்று அழுதாள். நான் நிற்பதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். காய்ச்சலா பயமா தெரியவில்லை. கட்டிலில் விழுந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் பேசினதுக்கு என்னை என்ன வேணும்னாலும் பண்ணும். அந்த அக்காவ விட்டுடும்." அதுவரை நான் செய்த ஜெபங்களிலேயே எனக்காக இல்லாத ஜெபம் அது ஒன்றுதான்.

எஸ்தர் ஒயர் கூடையில் துணி, ஸ்கேன் படம், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்த மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வைத்து, என்னைப் பஸ்ஸில் ஏற்றினாள். கடைசி சீட்டில் குப்புறப் படுத்தபடி சென்னை போய்ச் சேர்ந்தேன். உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். மறுபடியும் அந்தக் குழாய், அந்தத் தறிச் சத்தம். இந்த முறை என் பல்லும் குளிரில் கூடவே தடதடத்தது.

ஸ்கேன் படங்களைப் படிக்கிற டாக்டர் வயதானவர். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு. சீட்டில் என் ஊரைப் பார்த்தார்.

"காஞ்சிபுரமா? நான் சின்னக் காஞ்சிபுரம்தான். நீங்க எந்தப் பக்கம்?"

"முசரவாக்கம், சார்."

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால், சாதியைக் கணக்குப் போட்டுச் சிலர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் முகம் மாறவில்லை. நான் படுத்திருந்த வண்டியை விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் தள்ளச் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருந்த முதல் படம், எஸ்தர் கொண்டுவந்த இரண்டாவது படம், இப்போது எடுத்தது, மூன்றையும் வரிசையாக மாட்டினார்.

"ரெண்டாவது படம் எடுத்து ஒன்றரை மாசம் ஆச்சே. ஏன் காட்டவே இல்லை?"

"வெள்ளையா இருந்துச்சு சார். சரியாப் போச்சுன்னு நெனச்சுக்கினேன்."

"வெள்ளைன்னா நல்லதுன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல, சார். நானேதான்."

அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படிக்காதவனுக்கும் புரிகிற மாதிரி விரலால் காட்டினார். "இந்தப் படத்துல தண்ணி, சீழ், வீக்கம் எல்லாம் வெள்ளையாத்தான் தெரியும். ஆறிப்போன இடம் கறுத்துடும். ரெண்டாவது படம் எடுத்தப்போ வெளிய வாசல் மூடியிருந்தது, ஆனா உள்ள வழி அப்படியே உயிரோட இருந்திருக்கு, பாருங்கோ." விரல் மூன்றாவது படத்துக்கு நகர்ந்தது. வெள்ளைக் கோட்டின் நுனியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை. "இது சீழ். தசைக்குப் பக்கத்துலயே இருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நான் சபைக்கு நடுவே தூக்கிப் பிடித்துக் காட்டியது என் நோயை. எல்லோரும் அல்லேலூயா சொன்னது சீழுக்கு. அதைத்தான் லில்லி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு தொட்டார். செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

அறுவை அறைக்குள் போகும் முன் டாக்டரம்மா என் வயிற்றில் இடது பக்கம் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். உள்ளே தசை கெட்டுப் போயிருந்தால் அந்த இடத்தில்தான் பை. எஸ்தர் கையெழுத்துப் போட்டாள். என்னை உருட்டிக்கொண்டு போனபோது ஒரே ஒரு ஜெபம்தான் வாயில் வந்தது. "ஆண்டவரே, கறுப்பாக்கும். கறுப்பாக்கும்." எந்த விசுவாசியும் அப்படி ஜெபித்து நான் கேட்டதில்லை.

விழித்ததும் என் கை முதலில் வயிற்றுக்குத்தான் போனது. தடவினேன். வெறும் தோல். பேனா வட்டம் மட்டும் அழியாமல் இருந்தது. சீழை வடித்துவிட்டு மறுபடியும் நூல் கோத்திருந்தார்கள். தசை தப்பித்திருந்தது. நான் அழுததைப் பார்த்து வலி என்று நினைத்து நர்ஸம்மா ஊசி போட வந்தார்.

இரண்டு வாரம் கழித்து ஊருக்கு வந்ததும் லில்லி அக்கா வீட்டுக்குப் போனேன். வலது கையில் முழங்கை வரை கட்டு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை என்றால் என்ன என்று சொன்னேன். அன்றைக்கு நான் மாத்திரையை நிறுத்தியிருக்கவே இல்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அவர் தன் கைக்கட்டையே பார்த்தார். "அப்போ ஆண்டவர் ஒன்னும் பண்ணலியா, தம்பி?" என்றார்.

"அவர் சொன்னதை நான் சொல்லல அக்கா. நான் சொன்னதை அவர் சொன்னதா ஆக்கிட்டேன்."

"என்னமோ போ." இடது கையால் தலையணைக்கு அடியில் துழாவி மாத்திரை அட்டையை எடுத்தார். "நான் மறுபடியும் போட ஆரம்பிச்சுட்டேன். நீயும் போடு. ஒன்னு பண்ணலாம், காலைல எட்டு மணிக்கு நீ உன் வூட்ல ஜெபம் பண்ணிட்டுப் போடு, நான் என் வூட்ல போடறேன். நீ போட்டியான்னு உன் பொண்டாட்டிய கேப்பேன், தெரிஞ்சுக்கோ."

அன்றிலிருந்து காலை எட்டு மணி எங்களுக்கு ஜெப நேரம். ஒரு நாளும் விட்டதில்லை.

சபையில் சிலர் எனக்கு விசுவாசம் குறைந்ததால்தான் நோய் திரும்பியது என்று பேசினார்கள். காதில் விழுந்தது. முன்பு என்றால் எனக்கு வருகிற கோபத்துக்குச் சண்டையே போட்டிருப்பேன். அந்த வருஷக் கடைசியில் எடுத்த படத்தில் வெள்ளைக் கோடு மெலிந்திருந்தது. உருண்டையைக் காணவில்லை. ஆனால் கோடு இருந்தது. இந்த முறை யாரிடமும் காட்டவில்லை. நூலையும் அவசரப்பட்டு எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அது அங்கே என்ன செய்கிறதோ என்ற பயம் இருந்தது, பயத்தோடுதான் ஜெபித்தேன்.

2006 புரட்டாசியில், நூலை எடுத்துச் சில மாதம் கழித்து, மறுபடியும் படம் எடுத்தார்கள். அதே டாக்டர், அதே விளக்குப் பெட்டி. பழைய படங்களைப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு புதியதை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தேடிண்டே இருக்கேன். கிடைக்கலை," என்றார். வெள்ளை போன இடத்தில் கறுப்பாக ஒரு தழும்பு மட்டும் இருந்தது.

"குணமாயிடுச்சா, சார்?"

"அந்த வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். அடங்கியிருக்கு. நன்னா அடங்கியிருக்கு. மாத்திரையை விட்டுடாதீங்கோ." பிறகு உறையில் போட்டுக் கொடுத்தார். "இதையும் உங்க சபையில காட்டுவீங்களா?"

"காட்டுவேன், சார்."

"விஷயத்தைச் சரியாச் சொல்லுங்கோ," என்று சிரித்தார். நெற்றியில் வேறு சாமியின் குறியிட்ட அந்த மனிதர் வழியாகத்தான் ஆண்டவர் எனக்கு அந்தப் படத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்னால் போய் நின்றேன். முதலில் பழைய படத்தைத் தூக்கிப் பிடித்து, அது என்ன என்று சொன்னேன். நான் செய்ததைச் சொன்னேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் ஐயா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "அன்னிக்கு நானும்தான் கை தட்டினேன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொல்ல ஒரு பாஸ்டருக்கு எவ்வளவு மனசு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு புதிய படத்தைத் தூக்கிப் பிடித்தேன். டியூப்லைட்டு அதே டியூப்லைட்டுதான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கறுப்பும் சாம்பலும் தவிர ஒன்றுமில்லை.

முன்வரிசையிலிருந்து லில்லி அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எங்க தம்பி, ஒன்னும் தெரியலியே?"

"ஆமா அக்கா. ஒன்னும் இல்ல."

பிறகு அவர் எழுந்து கை தட்டினார். வெந்து சுருங்கிய அந்த வலது கை இன்னும் முழுசாக விரியாது. சத்தம் சரியாக வரவில்லை. அந்தத் தட்டலுக்குப் பின்னால்தான் சபை முழுவதும் எழுந்தது.

இதைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர் நோயோடு ஜெபித்துக்கொண்டிருப்பீர்கள். ஜெபியுங்கள். அவர் கேட்கிறார், என் ஜெபத்தையும் கேட்டார். ஆனால் வெளியே மூடியதைப் பார்த்து உள்ளேயும் ஆறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் படத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவரையும் ஆண்டவர்தான் வைத்திருக்கிறார்.

எங்கள் தெருவில் லில்லி அக்காவும் நானும் இன்றைக்கும் காலை எட்டு மணிக்கு ஜெபித்துவிட்டு மாத்திரை போடுகிறோம். என் முதல் சாட்சியைக் கேட்டு யாராவது மருந்தை நிறுத்தியிருந்தால், உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நாளைக்கு எட்டு மணிக்கு எங்களோடு சேர்ந்து போடுங்கள்.